பிராட்மேனையும் கிரெட்ஸ்கியையும் ஒரே தராசில் நிறுத்துவது எப்படி?

ஆஸ்திரேலியாவின் டான் பிராட்மேனின் டெஸ்ட் பேட்டிங் சராசரியான 99.94-க்கு ஈடான சாதனை எந்த விளையாட்டிலும் இல்லை என்பதில் கிரிக்கெட் ரசிகருக்குச் சந்தேகமே கிடையாது. அதே உறுதியோடு ஐஸ் ஹாக்கி ரசிகர் வேய்ன் கிரெட்ஸ்கியின் 2,857 புள்ளிகளை (அடித்த கோல்களும் அடிக்க உதவிய கோல்களும் சேர்ந்தது) நீட்டுவார். இந்த இரண்டு எண்களையும் நேராக ஒப்பிட வழியில்லை. ஒவ்வொருவரும் தன் சக ஆட்டக்காரர்களைவிட எவ்வளவு தூரம் விலகி நின்றார் என்பதை அளக்கலாம். ஒரு எக்செல் தாளும் ஒரு மாலைப் பொழுதும் போதும்.

முதலில், சதவீதக் கணக்கை நம்பாதீர்கள். 100 மீட்டரில் உசேன் போல்ட் 9.58 விநாடி. அவருக்கு அடுத்த டைசன் கேயும் யோஹான் பிளேக்கும் 9.69. வித்தியாசம் ஒரு சதவீதத்தைச் சற்றே தாண்டுகிறது. பிராட்மேனோ அடுத்து நிற்கும் கிரேம் பொல்லாக்கைவிட (60.97) 64 சதவீதம் மேலே. அதற்காகப் போல்ட் சாதாரண ஓட்டக்காரர் ஆகிவிடுவாரா? ஓட்டத்தில் எல்லோருமே நெருங்கி நிற்பார்கள், பேட்டிங்கில் பரவிக் கிடப்பார்கள். இந்தப் பரவலையும் கணக்கில் சேர்க்கத்தான் பத்தாம் வகுப்பில் படித்த திட்ட விலக்கம்.

கணக்கு எளிது. ஆட்டக்காரரின் எண்ணிலிருந்து, அவரோடு ஒப்பிடும் குழுவின் சராசரியைக் கழித்து, வருவதைக் குழுவின் திட்ட விலக்கத்தால் வகுக்க வேண்டும். கிடைப்பதுதான் அவர் மதிப்பெண். எக்செல்லில் இரண்டே ஃபார்முலா. சிக்கல் எல்லாம் எந்த எண், எந்தக் குழு என்பதில்தான்.

எண்ணைப் பற்றி முதலில். மொத்தத்தை எடுக்காதீர்கள், விகிதத்தை எடுங்கள். மொத்தம் என்பது பாதி திறமை, பாதி எத்தனை வருடம் ஆடினார் என்பது. வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல். லீக் ஆட்டங்களில் கிரெட்ஸ்கியின் 2,857-க்கு அடுத்து யாரோமிர் யாகரின் 1,921. மலைக்கும் மடுவுக்குமான தூரம். ஆட்டத்துக்கு எத்தனை என்று பாருங்கள்: கிரெட்ஸ்கி 1,487 ஆட்டத்தில் 1.92, மரியோ லெம்யூ 915 ஆட்டத்தில் 1,723 எடுத்து 1.88. மலை சட்டென்று மேடாகிவிடுகிறது. கூடைப்பந்திலும் ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி என்று பார்த்தால் அப்படித்தான்: மைக்கேல் ஜோர்டான் 30.12, வில்ட் சேம்பர்லின் 30.07.

கிரிக்கெட் சராசரியிலும் ஒரு ஓட்டை உண்டு. ரன்களை இன்னிங்ஸால் வகுப்பதில்லை, ஆட்டமிழந்த தடவைகளால் வகுக்கிறோம். பிராட்மேன் 80 இன்னிங்ஸில் 10 முறை நாட் அவுட். 6,996-ஐ 70-ஆல் வகுத்தால்தான் 99.94. இன்னிங்ஸால் வகுத்தால் 87.45. சச்சினுக்கு 53.78 என்பது 48.39 ஆகிறது. எந்த முறையானாலும் சரி, குழுவில் எல்லோருக்கும் அதையே வையுங்கள்.

இனி குழு. குறைந்தது இத்தனை இன்னிங்ஸ் ஆடியிருக்க வேண்டும் என்று கீழ்வரம்பு வைக்காவிட்டால் பிராட்மேனே முதலிடத்தில் இருக்க மாட்டார். வெஸ்ட் இண்டீஸின் ஆண்டி கான்டோம் 1948-இல் ஆடிய ஒரே டெஸ்ட் இன்னிங்ஸில் 112 அடித்தார், சராசரி 112! 20 இன்னிங்ஸ் என்று வைத்தால் 31 இன்னிங்ஸ் ஆடிய ஆடம் வோஜஸ் 61.87-உடன் இரண்டாமிடம் பிடிப்பார். 40 என்று வைத்தால் வெஸ்ட் இண்டீஸின் ஜார்ஜ் ஹெட்லி சரியாக 40-உடன் உள்ளே வருவார், பொல்லாக் 41. ஓய்வு பெறாதவர்களைச் சேர்க்காதீர்கள்; கடைசி ஆண்டுகளின் சரிவு இன்னும் அவர்கள் கணக்கில் ஏறவில்லை.

எல்லோரும் செய்யும் பெரிய தப்பு இனிமேல்தான்: ஜாம்பவான்களை மட்டும் குழுவில் போடுவது. பிராட்மேனுக்கு அடுத்த ஒன்பது பேரை எடுத்துப் பாருங்கள். பொல்லாக் 60.97, ஹெட்லி 60.83, சட்கிளிஃப் 60.73, பேரிங்டன் 58.67, வீக்ஸ் 58.61, ஹேமண்ட் 58.45, சோபர்ஸ் 57.78, சங்கக்காரா 57.40, ஹாப்ஸ் 56.94. சராசரி 58.93, திட்ட விலக்கம் வெறும் 1.54. பிராட்மேனின் மதிப்பெண் 26-ஐத் தாண்டுகிறது. அபத்தம். மேல்தட்டை மட்டும் வெட்டியெடுத்தால் பரவல் சுருங்கி, மதிப்பெண் எகிறிவிடும். வரம்பைத் தாண்டிய சுமாரான ஆட்டக்காரர்கள் அத்தனை பேரையும் சேருங்கள். ஆஸ்திரேலியப் புள்ளியியலாளர் சார்லஸ் டேவிஸ் இந்த வழியில் போட்ட கணக்கில் பிராட்மேனுக்கு 4.4, பெலேவுக்கு 3.7, பேஸ்பாலின் டை காபுக்கு 3.6, கோல்ஃபின் ஜாக் நிக்லாஸுக்கு 3.5, ஜோர்டானுக்கு 3.4. உங்கள் தாளில் 6, 7 என்று வந்தால் முதலில் குழுவைச் சந்தேகப்படுங்கள்.

பந்துவீச்சில் குறைவான சராசரிதான் உயர்வு என்பதால் விடை மைனஸில் வரும், குறியை மாற்றிக்கொள்ளுங்கள். கூடவே காலத்தையும் கவனியுங்கள். ஜார்ஜ் லோமன் 18 டெஸ்டில் 10.75 சராசரியில் 112 விக்கெட் எடுத்தார், முரளிதரனின் 800 விக்கெட் 22.72-இல். லோமன் ஆடியது 1886 முதல் 1896 வரை. அந்த ஆடுகளங்களில் எல்லோருமே மலிவாக விக்கெட் எடுத்தார்கள். ஆகவே ஒவ்வொருவரின் எண்ணையும் அவரவர் காலத்துப் பொதுச் சராசரியால் வகுத்த பிறகே விலக்கம் போடுங்கள். 1961-62 சீசனில் சேம்பர்லின் ஆட்டத்துக்கு 50.4 புள்ளி எடுத்ததற்கும் இதே மருந்து. அப்போது அணிகள் இன்றைவிட அதிக தடவை கூடையை நோக்கி எறிந்தன.

சதுரங்கத்தில் வேலை மிச்சம். ஆட்டக்காரரின் பலத்தைக் காட்டும் ஈலோ ரேட்டிங்கே எதிராளிகளை வைத்துக் கட்டப்பட்டது. 1972-இல் உலகப் பட்டத்துக்கு மோதிய பாபி ஃபிஷர் 2785, போரிஸ் ஸ்பாஸ்கி 2660. அந்த 125 இடைவெளியைக் குறித்துக்கொள்ளுங்கள். கார்ல்சனின் 2882-ஐ ஃபிஷரின் 2785-உடன் நேரடியாக மோதவிடாதீர்கள், இடையில் 40 ஆண்டுகளில் அளவுகோலே நகர்ந்துவிட்டது.

ஒலிம்பிக் பதக்கங்களை இந்தத் தாளில் ஏற்றவே வேண்டாம். நீச்சலில் ஒருவருக்கு எத்தனையோ போட்டிகள். மைக்கேல் ஃபெல்ப்ஸ் 2008 பெய்ஜிங்கில் மட்டும் 8 தங்கம் வாங்கினார். ஹாக்கி ஆட்டக்காரருக்கு ஒரு ஒலிம்பிக்கில் கிடைக்கக்கூடியது ஒன்றே ஒன்று. தியான் சந்த் 1928, 1932, 1936 என்று மூன்றிலும் அதை வாங்கினார், விட்டது ஒன்றுமில்லை. இப்படிப்பட்டவர்களுக்குத் தனித் தாள் போட்டு, ‘கிடைக்கக்கூடியது எத்தனை, வாங்கியது எத்தனை’ என்று இரண்டு நெடுவரிசை மட்டும் வையுங்கள். பிரெஞ்சு ஓப்பனில் நடாலின் 112 வெற்றி, 4 தோல்வியும் அதே தாளில்தான் சேரும்.