வாட்டர் வாஷுக்கு முன்னால் பாருங்கள்

எங்கள் பட்டறை பெங்களூரு கனகபுரா சாலைப் பக்கம். ராமநகரத்துப் பாறைகளிலும் தென்னந்தோப்புகளிலும் ஓடும் சைடு பை சைடு வண்டிகள் டிரெய்லரில் ஏறி இங்கே வரும். இரண்டு பேர் அருகருகே உட்காரும், கூண்டு போட்ட நாலு சக்கர வண்டி. தோட்டக்காரர்களுக்கு அது வெறும் "பக்கி"தான். ஸ்டீரிங் தட்டுகிறது, ஒரு பக்கம் இழுக்கிறது என்று சொல்லி வருபவர்களில் நிறையப் பேர் வண்டியை நன்றாகக் கழுவிவிட்டுக் கொண்டுவருவார்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் எனக்கு வேண்டிய தடயம் அந்தத் தண்ணீரோடு போய்விடுகிறது.

நம் செம்மண் பொய் சொல்லாது. தளர்ந்த போல்ட்டின் தலையைச் சுற்றி மண் தங்காது. உரசி உரசி இரும்பு பளிச்சென்று தெரியும், அல்லது துரு கோடாக வழிந்திருக்கும். குலுக்கலை அடக்கும் ஷாக் ஒழுகினால் அதன் ராடைச் சுற்றி மட்டும் மண் ஈரமாக அப்பியிருக்கும். சக்கரத்தைத் தாங்கும் குமிழ் மூட்டான பால் ஜாயிண்ட்டின் ரப்பர் கிழிந்திருந்தால் கிரீஸும் மண்ணும் கலந்த கறுப்புப் பசை வெளியே வரும். அதனால் முதலில் டார்ச் எடுத்துப் பத்து நிமிடம் சும்மா பாருங்கள். ஸ்பானர் அப்புறம்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. வேகம் கூடும்போது மட்டும் ஸ்டீரிங் நடுங்கினால் ரிம்முக்கு உள்பக்கம் பாருங்கள். மழைக்காலச் சேறு அங்கே ஒரு பக்கமாகக் காய்ந்து கட்டியாகிவிடும். சக்கரம் சமநிலை இழக்க அதுவே போதும். சுரண்டிக் கழுவி, மறுபடி ஓட்டிப் பார்த்த பிறகும் நடுக்கம் இருந்தால்தான் ரிம் வளைந்திருக்கிறதா என்று தேட வேண்டும்.

அடுத்தது காற்று. இந்த டயர்களில் காற்று மிகக் குறைவாக வைப்பார்கள், அதனால் இரண்டு மூன்று பிஎஸ்ஐ வித்தியாசமே வண்டியை ஒரு பக்கம் இழுத்துவிடும். குறைந்த அளவு காட்டும் கேஜ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பெட்ரோல் பங்க் கேஜை இதற்கு நம்ப வேண்டாம். இரண்டு பக்கமும் சமமாக இருந்தும் இழுத்தால், சற்று ஓட்டி நிறுத்தியதும் இரு முன் பிரேக் டிஸ்க்குகளின் அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். தொட வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் அனல் அடித்தால் அங்கே டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பர் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

ஸ்டீரிங் கனமாக இருக்கிறது என்றால் நான் கேட்கும் முதல் கேள்வி, நாலு சக்கர டிரைவில் போட்டு ஓட்டினீர்களா என்பது. கெட்டித் தரையில் முன் டிரைவ் பிடித்திருந்தால் ஸ்டீரிங் கனக்கத்தான் செய்யும், அது கோளாறு இல்லை. பவர் ஸ்டீரிங் உள்ள வண்டியில் அடுத்த சந்தேகம் பேட்டரி மேல். வோல்டேஜ் இறங்கினால் மோட்டார் உதவி செய்வதைக் குறைத்துக்கொள்ளும். இன்ஜின் நின்றிருக்கையில் 12.6, ஓடும்போது 14 வோல்ட்டுக்கு அருகில் இருக்க வேண்டும். இவை இரண்டும் சரி என்றால் முன்பக்கத்தைத் தூக்கி, சாவியை அணைத்துவிட்டு, ஸ்டீரிங்கைக் கையால் திருப்புங்கள். சக்கரம் காற்றில் இருந்தும் கனமாகவோ ஒரு இடத்தில் சிக்கியோ திரும்பினால், ஸ்டீரிங் தண்டில் உள்ள மூட்டான யு-ஜாயிண்ட்டோ, அந்தத் திருப்பலைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் ராக்கோ பிடித்திருக்கிறது.

தூக்கும்போது ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள். சட்டத்துக்குக் கீழே ஸ்டாண்டு வையுங்கள், பின் சக்கரங்களுக்கு இரு புறமும் கட்டை கொடுங்கள்.

இனிதான் உண்மையான சோதனை. டயரின் உச்சியிலும் அடியிலும் கை வைத்து உள்ளும் வெளியும் ஆட்டுங்கள். பிளே, அதாவது தளர்வான ஆட்டம், தெரிந்தால் வீல் பேரிங், பால் ஜாயிண்ட், சக்கரத்தைச் சட்டத்தோடு இணைக்கும் ஏ-ஆர்மின் புஷ் இவற்றில் ஒன்று. எது என்று பிரிக்க ஒரு வழி இருக்கிறது. ஒருவரை பிரேக்கை அழுத்தச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். பிரேக் பிடித்தால் சக்கரம் பூட்டியிருக்கும் ஹப்பும் அதைத் தாங்கும் நக்கிளும் ஒன்றாகிவிடும். அப்போது ஆட்டம் நின்றுபோனால் பேரிங். நிற்காவிட்டால் பால் ஜாயிண்ட்டிலும் புஷ்ஷிலும் விரலை வைத்து எது நகர்கிறது என்று தொட்டுப் பாருங்கள். பால் ஜாயிண்ட் என்று உறுதியானால் அந்த வண்டி அன்றைக்கு ஓடக் கூடாது. அது கழன்றால் சக்கரம் மடிந்து உள்ளே போய்விடும். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

அடுத்து டயரின் இடமும் வலமும் பிடித்து ஆட்டுங்கள். இங்கே பிளே என்றால் எல்லோரும் ராக்கையும் சக்கரத்தையும் இணைக்கும் டை ராடின் முனையைத்தான் குற்றம் சொல்வார்கள். போன மழைக்காலத்தில் ஒரு தோட்டத்து வண்டி வந்தது. வேறொரு இடத்தில் இரண்டு மாதத்தில் இரண்டு தடவை டை ராடு முனை மாற்றியிருந்தார்கள், தட்டல் அப்படியே இருந்தது. "அண்ணா, இன்னொரு செட்டும் வாங்கியே வந்துட்டேன்," என்று ஜே.சி. ரோட்டில் வாங்கிய பொட்டலத்தை நீட்டினார் அந்தத் தம்பி. நான் பிரிக்கவில்லை. சக்கரங்களைத் தரையில் இறக்கி, அவரை ஸ்டீரிங்கைச் சிறிதளவு இடமும் வலமும் அசைக்கச் சொன்னேன். சக்கரத்திலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு இணைப்பாகக் கை வைத்துக்கொண்டே உள்ளே போனேன். வெளி முனை சரி, உள் முனை சரி. ராக் மேல் கை வைத்தபோது அந்த முழு உடம்பே நகர்ந்தது. அதைப் பிடித்திருந்த போல்ட் தளர்ந்து, சட்டத்திலுள்ள ஓட்டை நீள்வட்டமாகியிருந்தது. அந்தத் துளையைச் சரிசெய்து புது போல்ட் போட்டதும் தட்டல் போய்விட்டது. பொட்டலத்தைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடச் சொன்னேன்.

ஷாக்கைச் சோதிக்க வண்டியின் மூக்கை அமுக்கி விடுங்கள். ஒரு தடவை எழுந்து நிற்க வேண்டும். ஊஞ்சல் ஆடினால் உள்ளே எண்ணெய் அடக்கும் வேலை நடக்கவில்லை. சந்தேகம் தீராவிட்டால் மேடு பள்ளத்தில் நன்றாக ஓட்டிவிட்டு இரண்டு ஷாக்கின் உடம்பையும் கவனமாகத் தொட்டு ஒப்பிடுங்கள். வேலை செய்யும் ஷாக் சூடாகும். ஒன்று குளிர்ந்தே இருந்தால் அதுதான் செத்தது.

வளைந்த டை ராடைச் சூடு காட்டி நிமிர்த்தித் தரும் லேத் பட்டறைகள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், அந்த இரும்பு மறுபடி பழைய இரும்பாகாது. புதிதாகப் போடும்போது நட்டு கழலாமல் பூட்டும் காட்டர் பின்னும் புதிதாகவே இருக்கட்டும்.

எதை மாற்றினாலும் டோ, அதாவது முன் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு, பார்க்க வேண்டும். சமதரையில் வண்டியை முன்னும் பின்னும் தள்ளி, சஸ்பென்ஷன் தன் நிலைக்கு வந்த பிறகு, ஸ்டீரிங்கை நடுவில் வையுங்கள். இரு முன் டயர்களின் முன்பக்கத்தில், ஹப் உயரத்தில், சாக்பீஸால் நடுக்கோடு குறித்து இடைவெளியை டேப்பால் அளந்துகொள்ளுங்கள். வண்டியைத் தள்ளி அதே குறிகள் பின்பக்கம் வந்ததும் மறுபடி அளந்து பாருங்கள். ஒரே குறியை வைத்து அளப்பதால் டயர் கோணலாக இருந்தாலும் கணக்கு தப்பாது. முன் அளவு பின் அளவைவிட எத்தனை மில்லிமீட்டர் கூடவோ குறையவோ இருக்க வேண்டும் என்பது வண்டிக்கு வண்டி மாறும், மேனுவலைத்தான் கேட்க வேண்டும். திருத்தும்போது இரு டை ராடையும் சமமாகத் திருப்புங்கள், இல்லாவிட்டால் ஸ்டீரிங் கோணலாக நிற்கும்.

எல்லாம் முடிந்ததும் இறுக்கிய ஒவ்வொரு நட்டின் மேலும் பெயிண்ட் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள், நட்டிலிருந்து இரும்புக்குத் தாண்டுகிற மாதிரி. முதல் ஓட்டம் முடிந்து வந்ததும், கழுவுவதற்கு முன், அந்தக் கோடுகள் நேராகவே இருக்கின்றனவா என்று பாருங்கள்.