சின்னக் கல், பெரிய கல்: மீன் எண்ணும் விதம்

திருகோணமலைக்குப் பக்கத்தில், நிலாவெளியில் படகேறிப் புறாத்தீவுக்குப் போகிறவர்கள் மீனைப் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். ஒரு காலைப்பொழுதை ஒதுக்கினால் எண்ணியும் பார்க்கலாம். மே முதல் செப்டெம்பர் வரை போங்கள்; வாடைக்காற்றில் தண்ணீர் கலங்கிவிடும்.

கண்ணாடி, மூச்சுக்குழல், சொரசொரப்பாகத் தேய்த்த பிளாஸ்டிக் அட்டை, பென்சில் போதும். முதல் நாள் நான் பேனை கொண்டுபோய் முட்டாளானேன்.

மணலுக்கு நடுவே தனித்து நிற்கும் முருகைக்கற்களை (பவளப்பாறைகளை) தேடுங்கள். மேசையளவில் நாலு, அறையளவில் ஒன்று. கல்லைத் தொடாமல், மேலே மிதந்தபடி கைகளை விரித்து எத்தனை பாகம் என்று அளந்துகொள்ளுங்கள். ஒரு பாகம் சுமார் 6 அடி. பிறகு இரண்டு நிமிடம் அசையாமல் கிடந்தால் ஒளிந்த மீன்கள் வெளியே வரும். இனம், எண்ணிக்கை இரண்டையும் குறியுங்கள். பெயர் தெரியாதா? 'மஞ்சள் வால், கண்ணில் கறுப்புக் கோடு' என்று எழுதுங்கள்.

பெரிய கல்லில் இனங்கள் கூடத்தான் இருக்கும். ஆனால் பரப்பு இரட்டித்தால் இனமும் இரட்டிக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். அங்கே மீன் அதிகம் என்பதாலேயே பெயர்களும் அதிகமாகியிருக்கலாம். அதைச் சோதிக்க வீட்டில் ஒரு வேலை: பெரிய கல்லின் ஒவ்வொரு மீனுக்கும் அதன் இனத்தின் பெயரை ஒரு துண்டுச்சீட்டில் எழுதிப் பையில் போடுங்கள். சின்னக் கல்லில் 30 மீன் என்றால், பார்க்காமல் 30 சீட்டு எடுங்கள். பல தடவை எடுத்தும் சின்னக் கல்லைவிட இனங்கள் கூடுதலாகவே வந்தால், பெரிய கல்லின் பொந்துகளும் நிழல்களும் காரணமாக இருக்கலாம்.

அப்புறம் சண்டை. எனக்குப் பிடித்த பகுதி இதுதான். பாசித் தோட்டம் காக்கும் டாம்செல் மீன் உள்ளங்கைக்குள் அடங்கும். தன்னைவிடப் பல மடங்கு பெரிய கிளிமீனையே விரட்டும். பத்து நிமிடம் அதையே பார்த்து, யாரை எத்தனை தடவை துரத்துகிறது என்று கோடு போடுங்கள். பாசி தின்ன வருபவைதான் அதிகம் அடிவாங்கும். சின்னக் கல்லில் இப்படி ஒன்றிரண்டு இருந்தாலே மேல்பக்கம் முழுக்க அவற்றின் ஆட்சிதான்.

வல்லவனுக்கே இடம் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். காலியான இடம் முதலில் வந்து சேரும் குஞ்சுக்குத்தான், லாட்டரி மாதிரி என்று 1970களில் அவுஸ்திரேலியப் பெருந்தடுப்புப் பாறையில் ஆய்வு செய்த பீட்டர் சேல் சொன்னார். அதனால் அதே கல்லுக்கு அடுத்த மாதமும் போங்கள். நான் குறித்துவைத்த ஒரு டாம்செல் காணாமல் போயிருந்தது. அதே இடுக்கிலிருந்து வேறொரு இனத்தின் குஞ்சு, நகத்தளவுதான் இருக்கும், என் கண்ணாடியைக் கொத்த வந்தது.