கண்ணை வைப்பதற்கு முன்: சூரியனைத் தொலைநோக்கியில் பார்ப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்தில் தொலைநோக்கி வைத்திருப்போரில், சனியின் வளையத்துக்காக நள்ளிரவு வரை மொட்டைமாடியில் விழித்திருந்தவர்கள்கூட, சூரியனை ஒரே ஒருமுறை பார்த்துவிட்டு, ‘வெள்ளைத் தட்டில் இரண்டு கறுப்புப் புள்ளிகள், அவ்வளவுதான்’ என்று சொல்லி விட்டுவிடுவதை அடிக்கடி கேட்கிறேன். எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள் என்று கேட்டால், பதினொன்று, பன்னிரண்டு என்றுதான் பெரும்பாலும் விடை வருகிறது. சூரியனைப் பார்ப்பதில் நேரும் தவறுகளில் பெரும்பகுதி, ஐபீஸ் எனப்படும் கண்ணருகு வில்லையில் கண்ணை வைப்பதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது. அவற்றுள் சில கண்ணையே பறித்துவிடும். மற்றவை, பார்க்க வேண்டியதைப் பார்க்க விடாமல் செய்துவிடும்.

முதலில் கண்ணைப் பற்றி. பகல் வெளிச்சத்தில் நம் கண்ணின் பாவை ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கியிருக்கும். 80 மில்லிமீட்டர் வில்லை கொண்ட சிறிய தொலைநோக்கிகூட அதைப் போல 1,600 மடங்கு பரப்பில் விழும் வெயிலைத் திரட்டிக் குவிக்கிறது. விழித்திரைக்கு வலி தெரியாது. அது வெந்துபோகும் நேரத்தில் பார்ப்பவர் எதையும் உணர மாட்டார். சில மணி நேரம் கழித்து, எதைப் பார்த்தாலும் நடுவில் ஒரு கறை நிற்பதைக் கண்டபிறகுதான் நடந்தது புரியும். ஆகவே, வெயில் குழாய்க்குள் நுழையுமுன், குழாயின் வாயிலேயே, அது லட்சத்தில் ஒரு பங்காகக் குறைக்கப்பட வேண்டும். ஒளியடர்த்தி 5 என்று குறிக்கப்பட்ட சூரிய வடிகட்டித் தாள் இதைத்தான் செய்கிறது. அதே வகைத் தாள் 3.8 என்ற அளவிலும் விற்கப்படுகிறது. அது படம் எடுப்பதற்கு மட்டுமே உரியது. பதினைந்து மடங்குக்கும் மேல் கூடுதலான ஒளியை உள்ளே விடும் என்பதால் கண்ணுக்கு ஆகாது. வாங்கும்போது உறையில் உள்ள அந்த எண்ணைப் படியுங்கள்.

நான் முதன்முதலில் வாங்கிய 60 மில்லிமீட்டர் தொலைநோக்கியின் பெட்டியில், ஐபீஸின் அடியில் திருகிப் பொருத்தும் கரும்பச்சைக் கண்ணாடி ஒன்று இருந்தது. அதுதான் சூரிய வடிகட்டி என்று நம்பிச் சில நாட்கள் பயன்படுத்தினேன். ஒரு காலை, கண்ணை எடுத்துவிட்டு நோட்டில் நேரத்தைக் குறித்துக்கொண்டிருந்தபோது ‘டிக்’ என்று ஓர் ஓசை கேட்டது. ஐபீஸுக்கு மேல் நோட்டை நீட்டிப் பார்த்தேன். தாளில் கண்ணைக் கூசும் வெள்ளைக் கீற்று ஒன்று விழுந்தது. குவிந்த வெயில் முழுவதையும் அந்தச் சிறு கண்ணாடி தாங்கிக்கொண்டிருந்திருக்கிறது; சூடேறிக் குறுக்கே விரிசல் விட்டுவிட்டது. அரை நிமிடம் முன்பு அங்கே என் கண் இருந்தது. அத்தகைய கண்ணாடி உங்களிடம் இருந்தால், அதை யாருக்கும் கொடுக்காமல் உடைத்துப் போட்டுவிடுங்கள்.

2019 டிசம்பர் 26 அன்று கோவை, திண்டுக்கல் வழியாக வளையச் சூரிய கிரகணம் சென்றபோது வாங்கிய காகிதக் கண்ணாடிகள் இன்னும் பல வீடுகளில் கிடக்கின்றன. அவை வெறும் கண்ணால் பார்ப்பதற்கானவை. அவற்றை அணிந்துகொண்டு ஐபீஸில் பார்ப்பது, வடிகட்டியே இல்லாமல் பார்ப்பதற்குச் சமமானது. எக்ஸ்ரே பிலிம், புகை படிந்த கண்ணாடி ஆகியவற்றைப் பற்றியும் இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

சரியான வடிகட்டி வாங்கியவர்களும் அதைப் பொருத்தும் விதத்தில் தவறுகிறார்கள். தாள் சுருங்கியிருந்தால் படம் கெடும் என்று எண்ணி, பறையின் தோலைப் போல இழுத்துக் கட்டுகிறார்கள். உண்மையில் இழுவிசைதான் படத்தைக் கெடுக்கும், தளர்வான சிறு சுருக்கங்களால் தீங்கில்லை. ஒவ்வொரு முறையும் தாளை ஒரு டார்ச் விளக்கின் முன் பிடித்து, ஊசித்துளை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காற்றில் கழன்றுவிடாதபடி மூடியைக் குழாயோடு நாடாவால் மூன்று இடங்களில் ஒட்ட வேண்டும். ஏற்காட்டில் காற்றைவிடக் குரங்குகள்தாம் பெரிய இடர். பளபளக்கும் வட்டத்தைக் கண்டால் அவை பிடுங்காமல் விடா என்பதால், அங்கே கருவியை ஒரு நிமிடம்கூட ஆளில்லாமல் விடக்கூடாது. துணைத் தொலைநோக்கியான ஃபைண்டரை மறந்துவிடுவது இன்னொரு தவறு. அதைக் கழற்றிவிடுங்கள், கழற்ற முடியாவிட்டால் இரு முனையையும் மூடுங்கள். அதில்லாமல் சூரியனைப் பிடிப்பது எளிது: குழாயின் நிழல் தரையில் மிகச் சிறியதாகக் குறுகும் வரை திருப்பினால், சூரியன் தானே பார்வைக்குள் வந்துவிடும்.

மேலே சொன்ன தாள் போன்ற, எல்லா நிற ஒளியையும் குறைத்து மட்டும் விடும் வெள்ளொளி வடிகட்டியை மாட்டிவிட்டு விளிம்பில் தீச்சுவாலைகளைத் தேடுவோர் உண்டு. சுவாலைகள், ஒளிரும் மேற்பரப்புக்கு மேலுள்ள நிறக்கோளம் என்ற மெல்லிய வாயுப் படலத்தைச் சேர்ந்தவை. ஹைட்ரஜன் வெளியிடும் 656.28 நானோமீட்டர் சிவப்பொளியை மட்டும், 0.1 நானோமீட்டருக்கும் குறுகிய அகலத்தில் பிரித்தெடுக்கும் தனிக் கருவியில்தான் அவை தெரியும். இரவில் நெபுலாக்கள் எனும் விண்முகில்களைப் படமெடுக்க உதவும் ஹைட்ரஜன் ஆல்ஃபா வடிகட்டியும் பெயரளவில் அதுதானே என்று சூரியனை நோக்கித் திருப்புவது, மேலே சொன்ன பச்சைக் கண்ணாடியைவிடக் கொடியது. வெண்திரையில் படத்தை விழச் செய்து பார்க்கும் முறை நல்லதுதான், ஆனால் அது சிறிய வில்லைத் தொலைநோக்கிகளுக்கு மட்டுமே பொருந்தும். வில்லையும் ஆடியும் சேர்ந்த ஷ்மிட் காசெக்ரைன், மக்சுடோவ் வகைகளில் உள்ளே இருக்கும் பாகங்கள் சூட்டில் பழுதாகும்.

இனி, பார்க்க விடாமல் செய்யும் தவறுகள். அவற்றில் தலையாயது நேரத்தைத் தவறவிடுவது. சூரியனின் ஒளிக்கோளம், அதாவது நாம் பார்க்கும் ஒளிரும் மேற்பரப்பு, முழுவதும் குறுமணிகளால் ஆனது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் அகலமுள்ள வெப்பக் கொப்பளிப்பு. பத்து நிமிடம் போல இருந்து கலைந்துவிடும். இங்கிருந்து பார்க்கையில் அதன் அளவு 1.4 விகலை (ஒரு விகலை என்பது ஒரு பாகையில் 3,600-இல் ஒரு பங்கு). 100 மில்லிமீட்டர் வில்லையால் 1.2 விகலை வரை பிரித்துக் காட்ட முடியும் என்பதால், கருவியில் குறையில்லை. குறை காற்றில் இருக்கிறது. சேலத்து மொட்டைமாடியின் காங்கிரீட் தளமும் பக்கத்து வீட்டுத் தகரக் கூரையும் பத்து மணிக்குள் சூடேறி, அவற்றின் மேல் காற்று நெளியத் தொடங்கிவிடும். அதன்பின் எத்தனை விலையுள்ள தொலைநோக்கியும் குறுமணிகளைக் காட்டாது. சூரியன் மிகத் தாழ்வாக இருந்தாலும் ஒளி கனத்த காற்றுப்படலத்தைக் கடந்து வர வேண்டியிருக்கிறது. ஆகவே நம் ஊரில் காலை ஏழரை முதல் ஒன்பதரை வரையிலான இரண்டு மணி நேரம்தான் பொன்னான பொழுது. ஏப்ரல் 20 வாக்கிலும் ஆகஸ்ட் 22 வாக்கிலும் நண்பகலில் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேராக வந்து நிற்கும். அப்போது, பக்கவாட்டிலும் மேல்கீழாகவும் மட்டுமே திரும்பும் டாப்சோனியன் தாங்கியைத் திருப்புவதே பெரும்பாடு என்பதும் நண்பகலைத் தவிர்க்க இன்னொரு காரணம்.

ஏற்காட்டுக்குப் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பதும் பிழை. 1,500 மீட்டர் உயரத்தில் தூசியும் வெப்பமும் குறைவு என்பது உண்மை. ஆனால் லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட் போன்ற விளிம்புகளில் கருவியை நிறுத்தினால், வெயில் பட்ட சரிவின் வழியே மேலேறி வரும் சூடான காற்று நேரே குழாயின் முன்னால் எழும். காட்சிக்கு அழகான இடம் நோக்கலுக்கு மோசமான இடமாகிவிடுகிறது. உள்ளே தள்ளி, மரங்களுக்கு நடுவே புல் தரையுள்ள வெளியோ ஏரிக்கரையோ நல்லது. தண்ணீர் மெதுவாகச் சூடேறுவதால் அதன் மேலுள்ள காற்று அமைதியாக இருக்கும்; உதய்ப்பூர் சூரிய ஆய்வகத்தைப் பதே சாகர் ஏரியின் நடுவில் உள்ள தீவில் அமைத்ததும் இதற்காகவே. காலையில் சூரியன் கிழக்கே இருக்குமாதலால் ஏரியின் மேற்குக் கரையில் நின்று, தண்ணீருக்கு மேலாகப் பார்க்க வேண்டும். கன்னங்குறிச்சி மூக்கனேரியிலும் இதே முறை பயன் தரும். ஏற்காட்டு ஈரம் வடிகட்டித் தாளிலும் வில்லையிலும் படியும் என்பதால், திரும்பியதும் அவற்றை உலர்த்திவிட்டுப் பெட்டியில் வைக்க வேண்டும்.

உருப்பெருக்கத்தைக் கூட்டிக்கொண்டே போவது அடுத்த தவறு. முழு வட்டமும் அடங்கும் 40 அல்லது 50 மடங்கில் தொடங்கி, விளிம்பைக் கவனியுங்கள். அது கொதிக்கும் பால் போலப் பொங்கினால் 60 மடங்குக்கு மேல் போவதில் பயனில்லை. கத்தியால் வெட்டியது போல நின்றால் 100, 120 வரை போகலாம். தலைக்கு மேல் ஒரு கறுப்புத் துணியைப் போர்த்திக்கொள்ளாமல் பார்ப்பதால், பக்கவாட்டு வெளிச்சத்தில் பாதி நுணுக்கம் தொலைந்துவிடுகிறது. இரண்டு நிமிடத்தில் எழுந்துவிடுவதும் கூடாது. காற்று எப்போதும் ஒரே சீராக நெளிவதில்லை; ஐந்து, பத்து நிமிடங்களில் சில நொடிகள் அது அடங்கும். ஜனவரியில் ஒரு காலை எட்டு மணியளவில் அப்படியொரு நொடிக்காகக் காத்திருந்தபோது, அதுவரை வெறும் கறையாகத் தெரிந்த புள்ளி சட்டென்று திறந்துகொண்டது: நடுவே மை போன்ற கருநிழல், அதன் குறுக்கே நூலிழை போல ஓர் ஒளிப்பாலம், சுற்றிலும் கண்ணிமை மயிர் போல வெளிநோக்கிப் படுத்திருந்த புறநிழலின் இழைகள், அதற்கப்பால் தட்டில் பரப்பிய ரவையைப் போலக் குறுமணிகள். மறுபடி மூச்சு விடுவதற்குள் அது மங்கிவிட்டது. அந்த இழைகளின் வழியே வாயு வெளிப்புறமாகப் பாய்கிறது என்பதை 1909 ஜனவரியில் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் வானியலாளர் ஜான் எவர்ஷெட் கண்டறிந்தார். நம் மலைகளில் ஒன்றிலிருந்துதான் உலகம் அதை அறிந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

சூரியப் புள்ளிகளை எண்ணும்போது தூசியைப் புள்ளியாகக் கொள்வதும் நடக்கிறது. ஐபீஸை மெல்லச் சுழற்றுங்கள். உடன் சுழல்வது தூசி, அசையாமல் நிற்பது சூரியனுடையது. புள்ளிகளை மட்டும் எண்ணிக் குழுக்களை விட்டுவிடக் கூடாது. வானியலாளர் ருடால்ப் வுல்ப் வகுத்த முறைப்படி, சூரியப் புள்ளி எண்ணைப் பெற, குழுக்களின் எண்ணிக்கையைப் பத்தால் பெருக்கிப் புள்ளிகளைக் கூட்ட வேண்டும். மூன்று குழுக்களில் பதினான்கு புள்ளிகள் என்றால் 44.

கடைசியாக, திசை. பிரதிபலிப்புத் தொலைநோக்கி படத்தைத் தலைகீழாக்கும். கண்ணாடி முழங்கை பொருத்திய வில்லைத் தொலைநோக்கி இடவலம் மாற்றும். இதைக் கவனிக்காமல் வரைந்த படங்களை மறுநாள் படத்தோடு ஒப்பிடவே முடியாது. சூரியனைப் பின்தொடரும் மோட்டார் இருந்தால் அதை நிறுத்திவிட்டுச் சூரியனை நகரவிடுங்கள். பார்வையிலிருந்து முதலில் வெளியேறும் விளிம்பு மேற்கு. அதைக் குறித்து, 150 மில்லிமீட்டர் வட்டத்தில் தேதியும் மணியும் இட்டு வரையுங்கள். வரைந்து முடித்ததும் குழாயை முதலில் சூரியனிடமிருந்து திருப்பி, அதன் பிறகே வடிகட்டியைக் கழற்றுங்கள். அன்று மேற்கு விளிம்பில் மறையும் பெரிய புள்ளி, கலையாமல் இருந்தால், ஏறத்தாழ இரண்டு வாரம் கழித்துக் கிழக்கு விளிம்பில் திரும்பி வரும். அதே புள்ளிதானா என்று அப்போது அந்த வட்டத்தை எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.