வைஃபை அடிக்கடி அறுந்தால்: லினக்ஸில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லினக்ஸ் லேப்டாப்பில் வைஃபை பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அறுந்துபோனால், பலரும் முதலில் டிரைவரை, அதாவது வைஃபை கருவியை இயக்கும் மென்பொருளை, நீக்கிவிட்டு மீண்டும் நிறுவப் பார்க்கிறார்கள். வைஃபை டிரைவர்களில் பெரும்பாலானவை லினக்ஸின் மையப் பகுதியான கர்னலோடு சேர்ந்தே வருவதால், கர்னல் மாறாதவரை பழைய டிரைவரேதான் திரும்பி வரும்.

அடுத்த தவறு, கர்னல் பதிவைப் படிக்காமல் கணினியை ரீபூட் செய்வது. டிமெசேஜ் கட்டளை காட்டும் கர்னல் பதிவு வரிகள், கணினியைக் கடைசியாகத் தொடங்கியதிலிருந்து பதிவானவை மட்டுமே என்பதால், இணைப்பு அறுந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, அந்த நேரத்து வரிகளை உடனே எடுத்து வைத்துவிடுங்கள். அவற்றில் 'பை லோக்கல் சாய்ஸ்' என்ற சொற்கள் இருந்தால், இணைப்பைத் துண்டித்தது நம் கணினி; அவை இல்லாமல் 'டீஆதென்டிகேட்டட் ஃப்ரம்' என்பதை அடுத்து ரவுட்டரின் முகவரி இருந்தால், துண்டிக்கச் சொன்ன செய்தி ரவுட்டரின் பெயரில் வந்தது. இந்த ஒரு வேறுபாட்டைக் கவனிக்காமல், ரவுட்டரின் கோளாறுக்காக டிரைவரோடு நாள்கணக்கில் மல்லுக்கட்டுவோரைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. கூடவே ஒரு காரண எண்ணும் இருக்கும்: 15 என்றால், இணைப்பைக் குறியாக்கம் செய்யக் கணினியும் ரவுட்டரும் நடத்தும் நான்கு கட்டச் சாவிப் பரிமாற்றம் உரிய நேரத்துக்குள் முடியவில்லை என்று பொருள்.

எங்கோ கண்ட அமைப்பு வரியைப் பொருள் தெரியாமல் ஒட்டுவதும் ஆபத்து. இன்டெல் வைஃபை சிப்களுக்கான ஐடபிள்யூஎல்வைஃபை டிரைவருக்கு, 802.11என் என்ற வைஃபை தரத்தை அணைக்கும் '11என் டிசேபிள்' அமைப்பை 1 என்று வைத்தால், இணைப்பு ஒருவேளை நிலைக்கலாம். ஆனால் வேகம் வினாடிக்கு 54 மெகாபிட்டுக்கு மேல் ஏறாது. சில மாதங்களில் அந்த வரி மறந்துபோய், வேகக் குறைவு தனிச் சிக்கலாகத் தோன்றும்.

வைஃபை கருவியின் மின்சேமிப்பைச் சந்தேகிப்பது நியாயமே. ஆனால் வைஃபை அமைப்புகளை மாற்றும் ஐடபிள்யூ கட்டளையால் அதை அணைத்தால் ரீபூட்டுக்குப் பின் அந்த மாற்றம் நிற்காது. இணைப்புகளை நிர்வகிக்கும் நெட்வொர்க்மேனேஜர் மென்பொருளில் நிரந்தரமாக அணைக்க, 'வைஃபை பவர்சேவ்' அமைப்புக்குக் கொடுக்க வேண்டிய மதிப்பு 2; 3 என்றால் மின்சேமிப்பு இயங்கும்.

யூஎஸ்பி 3.0 வட்டு அருகில் இருந்தால் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் கூடக்கூடும் என்பதால், அதைக் கழற்றியும் சோதியுங்கள்.

இவற்றில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கடைசியாக, பூட் மெனுவில் பழைய கர்னலைத் தேர்ந்து, வைஃபை சிப்புக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரை மாற்றாமல் ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். அதில் இணைப்பு அறுந்துபோகவில்லை என்றால், இரு கர்னல்களின் பதிப்பு எண்களோடும் பதிவு வரிகளோடும் பிழை அறிக்கை அனுப்பலாம்.