புளிப் பத்துக்குக் கரையாத ரத்தக்கட்டு

குடியாத்தத்தில் இருக்கும் என் சித்தப்பாவுக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். கையில் பிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ஆபரேஷன் செய்து இணைக்கும் ரத்தநாளம்) தயாராகும் வரை கழுத்து ரத்தநாளத்தில் குழாய் போட்டிருந்தார்கள். மே மாதம், வெளியே தார் உருகுகிற வெயில். மெஷின் ஓட ஆரம்பித்த அரை மணி நேரத்தில் அவருக்குப் பல் கிட்டும் அளவுக்கு நடுக்கம் வந்துவிடும். "ஏசி ஒத்துக்கல" என்று சித்தி இரண்டு போர்வை போர்த்துவார். வீட்டுக்கு வந்து ஒரு பாரசிட்டமால் போட்டால் சரியாகிவிடும். மூன்று முறை இப்படியே விட்டுவிட்டோம். அப்புறம் ஒரு நாள் காலையில் பார்த்தால் குழாய் இருந்த பக்கம் கழுத்தும் கையும் வீங்கி, மோதிரத்தைக் கழற்ற முடியவில்லை.

ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில், ஆழத்து ரத்தநாளத்தில் ரத்தம் உறைந்த கட்டி தெரிந்தது. ரத்தத்தில் ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமி வளர்ந்தது. ரத்தம் உறைந்ததோடு, உறைந்த இடத்தில் கிருமியும் குடியேறிவிட்டது.

எங்கள் முதல் தவறு அந்த ஏசி. குழாய் உள்ளவருக்கு டயாலிசிஸ் தொடங்கியதும் குளிர் நடுங்கினால், குழாயில் ஒட்டியிருக்கும் கிருமி ரத்தத்தில் கலக்கிறதோ என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். உடனே நர்ஸிடம் சொல்லுங்கள், போர்வையெல்லாம் அப்புறம்.

இரண்டாவது தவறு, ரத்தக்கட்டு என்ற சொல்லாலேயே வருவது. அடிபட்டுக் கன்றிப்போனாலும் நம் ஊரில் ரத்தக்கட்டுதான். புளியும் உப்பும் கரைத்துக் காய்ச்சிப் பத்து போடுவோம், எண்ணெய் தேய்த்து நீவுவோம். டாக்டர் அதே சொல்லைச் சொன்னதும் பாட்டி புளி ஊறப்போட்டுவிட்டார். இது தோலுக்கு அடியில் கசிந்த ரத்தம் கிடையாது, ஓடுகிற ரத்தநாளத்துக்குள் அடைத்து நிற்பது. பத்து அங்கே போய்ச் சேராது. நீவினாலோ ஒரு துண்டு பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போகலாம். கிருமி உள்ள துண்டென்றால் அங்கேயும் சீழ் பிடிக்கும். வீங்கிய கையையோ காலையோ யாரும் பிடித்துவிட வேண்டாம், அன்பாகக்கூட.

காய்ச்சலுக்கு மெடிக்கலில் கேட்டு ஆன்டிபயாடிக் போட்டுக்கொண்டு போவது அடுத்த தவறு. ரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கும் முன் மாத்திரை விழுந்தால் கிருமி எதுவென்றே தெரியாமல் போகலாம். தெரியாவிட்டால் எந்த மருந்துக்கு அது அடங்கும் என்று எப்படிச் சொல்வது?

குழாயை எடுக்க வேண்டும் என்றபோது சித்தப்பா பிடிவாதமாக மறுத்தார். "இன்னொரு தரம் ஓட்டை போடுவாங்க." அவர் பயம் நியாயம்தான். ஆனாலும் கிருமியின் வீடே அந்தக் குழாய்தான். அதை உள்ளே வைத்துக்கொண்டு மருந்து ஏற்றுவது, ஓட்டைப் பானையில் தண்ணீர் நிரப்புவது மாதிரி.

காய்ச்சல் நான்கே நாளில் விட்டது. ஊசியை நிறுத்தச் சொல்லலாமா என்று வீட்டில் பேச்சு எழுந்தது. கட்டிக்குள் ரத்த ஓட்டம் இல்லாததால் மருந்து உள்ளே போவது மெதுவாகத்தான் நடக்கும். அதனால்தான் ஆழத்து நாளங்களில் இந்தப் பிரச்சினை வந்தால் பெரும்பாலும் 4 முதல் 6 வாரம் ஆன்டிபயாடிக் தருகிறார்கள். சித்தி ஒவ்வொரு டயாலிசிஸ் முடிவிலும் போட்ட ஊசியை நாள்காட்டித் தாளில் வட்டமிட்டு வந்தார். அந்த வட்டங்கள்தான் எங்களைக் காப்பாற்றின என்று நம்புகிறேன்.

ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மருந்து வேறு கணக்கு. கட்டி இருக்கும் இடத்தையும் ரத்தக்கசிவு பயத்தையும் பார்த்து டாக்டர் முடிவு செய்வார். பக்கத்து வீட்டுக்காரருக்கு வயிற்றில் போட்ட ஊசியைக் கேட்டு வாங்கக் கூடாது, சிறுநீரகம் பழுதானவருக்கு அதில் சில உடலிலேயே தங்கிவிடும். உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐஎன்ஆர் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது, மூட்டு வலிக்கு டைக்லோஃபினாக் வாங்கிப் போடக் கூடாது. கீரையை அடியோடு விட வேண்டியதில்லை, வாரா வாரம் ஒரே அளவாகச் சாப்பிட்டால் போதும்.

பிரசவமானவருக்கு ஆன்டிபயாடிக் ஏற்றியும் காய்ச்சல் விடவில்லையா? இடுப்புக்குள் இருக்கும் நாளங்களிலும் இதே மாதிரிக் கட்டி வரலாம் என்பதால், பச்சை உடம்புச் சூடு என்று விடாமல் டாக்டரிடம் திரும்பக் காட்டுங்கள்.

மூச்சு வாங்குவது, நெஞ்சு குத்துவது, சளியில் ரத்தம், இந்த மூன்றில் எது வந்தாலும் ஆட்டோ தேடாமல் 108-க்கு அழையுங்கள். "ரத்தநாளத்துல கட்டி இருக்கு, காய்ச்சலும் இருக்கு" என்று இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள்.