போலோ ஜிடி டிஎஸ்ஐ 1.2: வாங்கும் முன் இன்ஜினைப் பார்ப்பது எப்படி

செகண்ட் ஹேண்டில் ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ, அல்லது அதே இன்ஜின் உள்ள வென்டோ டிஎஸ்ஐ பார்க்கப் போகிறீர்கள் என்றால், விற்பவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: "நாங்க வர்ற வரைக்கும் வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீங்க." இந்த இன்ஜினில் பெரிய செலவு வைக்கும் டைமிங் செயின் (கிராங்க்ஷாஃப்டையும் கேம்ஷாஃப்டையும் இணைக்கும் சங்கிலி) கோளாறு, இரவு முழுக்க நின்ற வண்டியின் முதல் ஸ்டார்ட்டில்தான் காதில் விழும். போனதும் பானெட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதே நல்லது.

இன்ஜின் விவரம்: 1197 சிசி, நான்கு சிலிண்டர், சிலிண்டருக்கு இரண்டு வால்வு, ஒரே கேம்ஷாஃப்ட். போர் 71 மி.மீ., ஸ்ட்ரோக் 75.6 மி.மீ. அலுமினிய பிளாக்கில் வார்ப்பிரும்பு லைனர், டைரக்ட் இன்ஜெக்‌ஷன், டர்போ. 105 பிஎஸ் பவர், 175 என்எம் டார்க். டார்க் முழுவதும் 1500 ஆர்பிஎம் பக்கத்திலேயே வந்துவிடும். 2013-ல் இந்தியாவுக்கு வந்தது, இரட்டை கிளட்ச் உள்ள 7 கியர் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக்கோடு மட்டும். 2020-ல் பிஎஸ்6 புகை விதிக்காக இதன் இடத்தில் வந்த 1.0 டிஎஸ்ஐ மூன்று சிலிண்டர். அதில் டைமிங் பெல்ட். கீழே வருவது செயின் உள்ள 1.2-க்கு மட்டும்.

டைமிங் செயின்

கண்ணாடியை இறக்கி, ஏசியையும் ஃபேனையும் அணைத்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். இன்னொருவர் இன்ஜினின் செயின் கவர் பக்கம் நிற்கட்டும். செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் பிரஷரில் வேலை செய்வது; இரவில் ஆயில் இறங்கிவிடும் என்பதால் ஒரு வினாடி 'கர்ர்' என்றால் பயப்பட வேண்டாம். மூன்று வினாடிக்கு மேல் நீண்டாலோ, சூடான பிறகும் ஐடிலிங்கில் கேட்டாலோ, செயின் நீண்டிருக்கிறது அல்லது டென்ஷனர் தளர்ந்திருக்கிறது. ஸ்கேனரில் (வண்டியின் கோளாறு கோடுகளைப் படிக்கும் கருவி) பி0016 கோட் இருந்தால் கிராங்க்கும் கேமும் ஒத்துப்போகவில்லை என்று பொருள். இந்த இன்ஜினில் செயின் பல் தாண்டினால் பிஸ்டன் வால்வை அடித்து வளைத்துவிடும்.

மாற்றுவதென்றால் செயின், டென்ஷனர், கைடுகள், பல்சக்கரங்கள் எல்லாம் சேர்ந்த கிட்டாகத்தான் மாற்ற வேண்டும். கழற்றிய கிராங்க் போல்ட்டைத் திரும்பப் போடக் கூடாது, புதிது வேண்டும். கேம், கிராங்க் லாக் டூல் இல்லாமல் பெயின்ட் மார்க் வைத்தே முடித்துவிடலாம் என்கிற மெக்கானிக்கிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். மேட்டில் கியரில் நிறுத்தினால் செயின் நழுவும் என்று ஓர் எச்சரிக்கை சுற்றுகிறதே, அது வெளிநாட்டு மேனுவல் வண்டிகளுக்கானது. நம் டிஎஸ்ஜியில் இன்ஜின் அணைந்ததும் கிளட்ச் இரண்டும் விடுபட்டுவிடும். வீல் இழுத்து இன்ஜின் பின்னோக்கிச் சுற்ற வழியே இல்லை.

டர்போ

ஓட்டும்போது ஈபிசி (இன்ஜின் மின்னணுக் கோளாறு) விளக்கு எரிந்து பிக்கப் செத்துப்போகிறது. நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடுகிறது. கோட் பி0299, அதாவது பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) போதவில்லை. இதற்கு டர்போவையே மாற்றச் சொல்வார்கள். அவசரப்படாதீர்கள். இதில் வேஸ்ட்கேட்டை (புகையின் ஒரு பகுதியை டர்போவைத் தாண்டி விட்டு பூஸ்ட்டைக் கட்டுப்படுத்தும் கதவு) இயக்குவது மின்சார ஆக்சுவேட்டர். சூட்டில் அதன் கம்பியும் இணைப்பும் தேய்ந்து ஆட்டம் காணும், அல்லது வேஸ்ட்கேட் தண்டு இறுகிச் சிக்கும். ஆட்டம் இருந்தால் மெதுவாக ஓட்டும்போது 2000 ஆர்பிஎம் வாக்கில் தகரம் அதிர்வதுபோல் சத்தம் வரும்.

சோதிக்கும் முறை: ஸ்கேனரில் கேட்கப்பட்ட பூஸ்ட், கிடைத்த பூஸ்ட் இரண்டையும் பதிவில் போட்டு, காலியான சாலையில் மேனுவல் மோடில் மூன்றாவது கியர், 1800-லிருந்து 4500 வரை முழு ஆக்சிலரேட்டர். இரண்டு கோடும் கிட்டத்தட்ட ஒட்டியே போக வேண்டும். கிடைத்தது தொடர்ந்து கீழேயே கிடந்தால் முதலில் ஹோஸ் கிளிப்புகள், அப்புறம் ஆக்சுவேட்டர், கடைசியில்தான் டர்போ. ஆக்சுவேட்டரை மாற்றினாலும், கம்பியின் நீளத்தைத் திருத்தினாலும், ஸ்கேனரில் பேசிக் செட்டிங் (ஆக்சுவேட்டரின் நிலையைக் கம்ப்யூட்டருக்குப் புதிதாகப் பழக்குவது) ஓட்டியாக வேண்டும். அதை விட்டுவிட்டால் அதே கோட் திரும்ப வரும். டர்போ குழாய்க்குள் மெல்லிய ஆயில் படலம் இருப்பது சகஜம். குளம் கட்டியிருந்தால் இல்லை.

இன்ஜினை அணைத்த பிறகும் சில நிமிடம் 'ம்ம்' என்று ஒரு சத்தம் கேட்கும். டர்போவைக் குளிரவைக்கும் மின்சார கூலன்ட் பம்ப் அது. டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும் அதே பம்ப்தான்; இன்டர்கூலர் இன்டேக் மேனிஃபோல்டுக்குள்ளேயே கூலன்ட்டில் குளிர்வது. பம்ப் செத்தால் நெரிசலில் உள்ளிழுக்கும் காற்று சூடேறி, பவர் குறையும்.

மிஸ் அடித்தால்

பல டிஎஸ்ஐ இன்ஜின்களில் பிளக்குக்கு ஒரு காயில் இருக்கும். இதில் ஒரே காயில் பேக், அதிலிருந்து பிளக்குகளுக்குப் போகும் நான்கு லீட் வயர். மழைக்காலத்தில் வேகமெடுக்கும்போது குலுங்கி, இன்ஜின் விளக்கு சிமிட்டினால் முதல் சந்தேகம் லீட் மேல். பி0302 என்றால் இரண்டாவது சிலிண்டர் மிஸ் அடிக்கிறது: அதன் பிளக்கை மூன்றாவதோடு மாற்றிப் போடுங்கள். கோட் பி0303 ஆனால் பிளக் போய்விட்டது. அங்கேயே நின்றால் லீட், காயில், இன்ஜெக்டர் என்ற வரிசையில் பாருங்கள். லீடை வயரைப் பிடித்து இழுத்தால் உள்ளே அறுந்துவிடும், புல்லர் வேண்டும். பிளக்கை 40,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். தேய்ந்த பிளக்கின் இடைவெளி கூடக்கூட, தாண்டுவதற்கு அதிக வோல்டேஜ் தேவைப்படும். அது லீடையும் காயிலையும் தின்னும்.

ஆயில்

சர்வீஸ் புத்தகம் 15,000 கி.மீ. என்கிறது. நம் ஊர் நெரிசலுக்கும் வெயிலுக்கும் அது அதிகம். 7,500 முதல் 10,000-க்குள் மாற்றுங்கள், ஓடாவிட்டாலும் வருடத்துக்கு ஒருமுறை. ஃபோக்ஸ்வாகன் 502 00 என்று கேனில் அச்சிட்ட முழு சிந்தெட்டிக் 5டபிள்யூ-40 போதும். நான்கு லிட்டர் கேனில் கொஞ்சம் மிஞ்சும்; கேனைக் காலி செய்யாமல் டிப்ஸ்டிக்கைப் பார்த்து ஊற்றுங்கள். 1000 கி.மீ.க்கு அரை லிட்டர் வரை ஆயில் குடிப்பது இயல்பு என்கிறது கம்பெனி. நல்ல இன்ஜின் அதில் பாதிகூடக் குடிக்காது. ஆயில் குறையாமல் ஏறிக்கொண்டே போய், பெட்ரோல் வாசமும் அடித்தால், ஹை பிரஷர் பெட்ரோல் பம்ப் கசிகிறதா என்று பாருங்கள்.

பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் பாய்வதால் இன்டேக் வால்வைக் கழுவ ஆள் இல்லை, கரி படியும். குளிர்ந்த ஸ்டார்ட்டில் ஐடிலிங் தடுமாறுவது இதன் அடையாளம். டேங்கில் ஊற்றும் கிளீனர் அந்த வால்வைத் தொடாது. மேனிஃபோல்டைக் கழற்றி, வால்நட் ஓட்டுத் தூளைப் பீய்ச்சிச் சுத்தம் செய்வதுதான் வழி. இன்டர்கூலர் அதற்குள்ளேயே இருப்பதால் கூலன்ட்டையும் வடிக்க வேண்டிவரும். திரும்ப நிரப்பும்போது பிங்க் நிறக் கூலன்ட்டோடு கடையில் கிடைக்கும் பச்சையைக் கலந்துவிடாதீர்கள்.