அச்சம் அடக்கமாகத் தோன்றும் இடங்கள்: படைப்புத் தொழிலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுச்சேரியில் பல ஆண்டுகளாகத் திருமணப் புகைப்படம் எடுத்தும், கடைகளுக்குச் சின்னமும் விளம்பரமும் வடிவமைத்தும் வருகிறேன். இத்தொழிலில் திறமை போதாமல் விலகியவர்களைவிட அஞ்சி ஒதுங்கியவர்களையே நான் அதிகம் கண்டிருக்கிறேன். முன்யோசனை, அடக்கம், பொறுமை என்று நல்ல பெயர்களைப் பூண்டு வருவதால் அச்சத்தை நாம் அடையாளம் காண்பதில்லை.

மிகுந்த சேதம் செய்வது, வாடிக்கையாளர் கேட்கும் முன்பே கட்டணத்தைக் குறைத்துவிடும் பழக்கம். தொகையைச் சொன்னதும் தொலைபேசியில் ஒரு சிறு மௌனம் விழும். அதைத் தாங்க முடியாமல், "பரவாயில்லை, பார்த்துக் கொடுங்கள்" என்று நாமே இறங்கிவிடுகிறோம். ஓர் உணவகத்தின் பெயர்ப்பலகைக்கு அப்படிப் பாதித் தொகைக்கு இசைந்து, முன்பணமும் பெறாமல், எத்தனை முறை திருத்தித் தருவேன் என்பதையும் எழுதிக்கொள்ளாமல் வேலையைத் தொடங்கினேன். பதினொன்றாவது திருத்தத்தின்போது அந்த வடிவத்தின்மீதே எனக்கு வெறுப்பு வந்திருந்தது. இப்போது தொகையைச் சொன்னபின் பேசாமல் காத்திருக்கிறேன். பாதி முன்பணம், இரண்டு திருத்தங்கள், அதற்குமேல் தனிக் கட்டணம் என்று வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பி, சம்மதம் வந்த பிறகே கணினியைத் திறக்கிறேன். மனம் உறுதியாக இருப்பதற்கு இந்த நான்கு வரிகள் செய்த உதவியை எந்த ஊக்கப் பேச்சும் எனக்குச் செய்ததில்லை.

ஆடியிலும் மார்கழியிலும் பெரும்பாலான குடும்பங்கள் திருமணம் வைப்பதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆயினும் அம்மாதங்களில் தொலைபேசி ஒலிக்காதபோது, நம் காலம் முடிந்துவிட்டதோ என்று கலங்கி, கடன் வாங்கிப் புதிய லென்ஸ் வாங்குகிறோம். அல்லது பிறருடைய இன்ஸ்டாகிராம் பக்கங்களைப் பார்த்துப் பார்த்துச் சோர்கிறோம். நாட்காட்டியின் குணத்தை நம்முடைய குறையாக எடுத்துக்கொள்வது தவறு. முகூர்த்த மாதங்களின் வருமானத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி வைத்திருந்தால், மார்கழி விடியலின் பனியையும் வாசல் கோலங்களையும் யாருடைய கட்டளையும் இன்றிப் படமெடுக்கலாம். என் சிறந்த படங்கள் சில அப்படிக் கிடைத்தவை.

அச்சம் நீங்கட்டும், பிறகு தொடங்கலாம் என்று காத்திருப்பது அடுத்த தவறு. அதற்குச் சான்றாகப் பாரதியாரை அச்சமே அறியாதவராகக் காட்டுவார்கள். எனக்கு அது முழுமையான வாசிப்பாகத் தோன்றவில்லை. 1908-இல் கைது நேரக்கூடும் என்ற நிலையில்தான் அவர் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த இவ்வூருக்கு வந்தார். பிரிட்டிஷ் அரசின் தடையால் 'இந்தியா' இதழ் 1910-இல் நின்றுபோனது. ஒற்றர்களின் கண்காணிப்பும் தொடர்ந்தது. கண்ணன் பாட்டும் குயில் பாட்டும் பாஞ்சாலி சபதமும் இந்த ஊரில் அவர் வாழ்ந்த ஆண்டுகளில் பிறந்தவை. ஆபத்தை அறிந்து பாதுகாப்பான இடம் தேடியதும், அந்த இடத்தில் அமர்ந்து எழுதியதும் ஒரே மனிதர்தான்.

நிராகரிப்புக்கு அஞ்சி வேலையை யாருக்கும் காட்டாமல் வைத்திருப்பவர்களும் உண்டு. புதுச்சேரியை அடுத்த வில்லியனூரின் சுடுமண் பொம்மைகளை நினைத்துப் பார்க்கிறேன். சூளையில் சில விரிசல் விடும் என்று தெரிந்தே மண்ணைப் பிசைய வேண்டிய தொழில் அது. பத்து இடங்களுக்கு அனுப்பி ஒன்பதில் மறுக்கப்படுவதையும் அப்படியே செலவுக் கணக்கில் எழுதிக்கொள்ளலாம்.

எல்லாம் நல்லதே நடக்கும் என்று கண்ணை மூடிக்கொள்வதை நம்பிக்கை என்று கருதுவதும் தவறே. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த ஊர்க்காரர்கள் நாம். எடுத்த படங்களின் பிரதி ஒன்றை விழுப்புரத்தில் என் அக்கா வீட்டு அலமாரியில் வைத்திருக்கிறேன். மழைக்காலத்தில் அடுத்த வேலையை ஒப்புக்கொள்ளும்போது என் குரல் தயங்குவதில்லை.